பி.சி.ஜி. தழும்பும் காணாமல் போன ஒரு வாசலும்: பாக்டீரியாக்கள் நம் செல்லை எப்படிக் கைப்பற்றுகின்றன?

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், கூடவே இருப்பவர்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். முன்கையில் மாண்டூ ஊசி போடுகிறார்கள். 2 நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடம் 12 மில்லிமீட்டருக்குத் தடித்து நிற்கிறது, 'பாசிட்டிவ்' என்கிறார்கள். அதே ஆளுக்கு இக்ரா என்கிற ரத்தப் பரிசோதனை செய்தால் 'நெகட்டிவ்' என்று வருகிறது. அப்போ கிருமி இருக்கா, இல்லையா? எந்த லேப் தப்பு பண்ணியது?

பெரும்பாலும் யாரும் தப்பு பண்ணவில்லை. இரண்டு பரிசோதனைகளும் உடம்பிடம் வேறு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், பாக்டீரியாவின் மேல்தோலில் இருக்கும் ஒரு வாசலில் போய் நிற்போம். அந்த வாசலுக்கு உயிரியலில் 'சுரப்பு அமைப்பு' என்று பெயர். ஒரு பாக்டீரியா நம்மைக் கொல்லுமா, சும்மா இருக்குமா, ஏன், தடுப்பூசியாகவே பயன்படுமா என்பதைக்கூட பல நேரம் இந்த வாசல்தான் தீர்மானிக்கிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சுவரைப் புரிந்துகொள்வோம்

பாக்டீரியா ஒரு மூடிய பை. பையைச் சுற்றி கொழுப்பாலான மெல்லிய சவ்வு. சில பாக்டீரியாக்களுக்கு ஒரு சவ்வு, அதற்கு மேல் தடித்த சுவர். சால்மோனெல்லா, காலரா, ஈ.கோலை மாதிரியானவற்றுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சவ்வுகள். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமேற்றும் முறைதான் இந்த இரண்டு கூட்டத்தையும் இன்றைக்கும் பிரித்துக் காட்டுகிறது. லேப் ரிப்போர்ட்டில் 'கிராம் நெகட்டிவ்' என்று பார்த்தால், அது இரண்டு சவ்வுக்காரக் கூட்டம்.

பாக்டீரியாவின் கருவிகள் எல்லாம் புரதங்கள். புரதம் என்பது பெரிய மூலக்கூறு, கொழுப்புச் சவ்வைத் தானாக ஊடுருவிப் போக முடியாது. ஆக, உள்ளே தயாரித்த புரதத்தை வெளியே அனுப்ப வேண்டுமானால் ஒரு சவ்வையோ இரண்டு சவ்வையோ தாண்டியாக வேண்டும். அதை நேராக நம் செல்லுக்குள் இறக்க வேண்டுமானால் நம் செல்லின் சவ்வையும் சேர்த்து மூன்று. இதற்காகத்தான் வாசல்.

இனி வரப்போகும் மூன்று சொற்கள்:

1. சுரப்பு அமைப்பு: புரதத்தை உள்ளிருந்து வெளியே கடத்தும் பொறி. பொறியும் பல புரதங்களை அடுக்கிக் கட்டியதுதான். எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்து முதலாம் வகை, இரண்டாம் வகை என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.
2. எஃபெக்டர்: நம் செல்லுக்குள் போய் அதன் வேலையை மாற்றிவிடும் பாக்டீரியாப் புரதம். இதைச் செயலி என்று வைத்துக்கொள்ளலாம்.
3. நச்சு: வெளியே கொட்டப்பட்டு, தானாகவே நம் செல்லைத் தேடிப் போய்ப் பாதிக்கும் புரதம். செயலிக்குப் போய்ச் சேர வாசலின் உதவி வேண்டும், நச்சுக்கு வெளியே வந்துவிட்டால் போதும்.

சால்மோனெல்லாவின் ஊசி

இருப்பதிலேயே நன்றாக ஆராயப்பட்டது மூன்றாம் வகை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது நிஜமாகவே ஊசி. 1998-இல் ஜப்பானைச் சேர்ந்த குபோரி, அமெரிக்காவில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த ஹோர்ஹே கலான் உள்ளிட்ட குழு சால்மோனெல்லாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தது. கீழே வளையம் வளையமாக ஓர் அடித்தளம், மேலே நீட்டிக்கொண்டு ஒரு ஊசி, நடுவில் துளை. ஊசியின் நீளம் ஏறத்தாழ 50 நானோமீட்டர், துளையின் அகலம் சுமார் 2 நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவுக்கு வரும் என்றால் இதன் சிறுமையைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரியாக வேகாத முட்டையிலோ இறைச்சியிலோ வந்த சால்மோனெல்லா சிறுகுடலின் உட்சுவரைத் தொட்டதும் நடப்பது இது:

1. அடித்தள வளையங்கள் பாக்டீரியாவின் இரண்டு சவ்விலும் ஏற்கெனவே பதிந்திருக்கும். ஊசிக்கான சிறு புரதத் துண்டுகள் அந்த அடித்தளத்தின் துளை வழியாகவே மேலேறி, ஒன்றன்மேல் ஒன்றாக நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது ஊசி அடியிலிருந்து நீளுவதில்லை, நுனியில் வளர்கிறது.
2. ஊசி நுனி குடல் செல்லைத் தொட்டதும் வேறு இரண்டு புரதங்கள் வெளியே போய் நம் செல்லின் சவ்வில் ஒரு துவாரம் போடுகின்றன. இப்போது பாக்டீரியாவின் உட்புறத்துக்கும் நம் செல்லின் உட்புறத்துக்கும் நேர்வழி.
3. அனுப்ப வேண்டிய செயலிகள் துணைப் புரதங்களோடு சேர்ந்து தயாராகக் காத்திருக்கும். சுருண்டு மடிந்த நிலையில் புரதம் 2 நானோமீட்டர் துளையில் நுழையாது. அடியில் இருக்கும் ஒரு நொதி துணைப் புரதத்தைக் கழற்றி, செயலியின் மடிப்பைப் பிரித்து, நூல் கோர்ப்பதுபோல நீட்டி உள்ளே விடுகிறது.
4. நூலாகப் போன புரதம் நம் செல்லுக்குள் போனதும் மறுபடி மடிந்து தன் உருவத்தைப் பெற்று வேலையை ஆரம்பிக்கிறது.

என்ன வேலை? குடல் செல் சாதாரணமாக எதையும் விழுங்காது. சோப்-ஈ என்கிற செயலி போய் அந்தச் செல்லின் எலும்புக்கூடு மாதிரியான ஆக்டின் இழைகளைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுகளைப் போட்டுவிடுகிறது. உடனே செல்லின் மேற்பரப்பு அலை அடித்ததுபோலப் பொங்கி எழுந்து பாக்டீரியாவைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாக்டீரியா உடைத்துக்கொண்டு நுழையவில்லை என்பதைக் கவனியுங்கள், செல்லே தூக்கி உள்ளே வைத்துக்கொள்கிறது.

இதைவிட எனக்கு வியப்பான விஷயம் அடுத்து நடப்பது. பொங்கிய செல் அப்படியே இருந்தால் செத்துப்போகும், உள்ளே போன பாக்டீரியாவுக்கும் வீடு இல்லை. அதனால் சால்மோனெல்லா அதே ஊசி வழியாக எஸ்.பி.டி.பி. என்கிற இன்னொரு செயலியையும் அனுப்பியிருக்கும். இது அதே சுவிட்சுகளை அணைக்கும். போடுவதும் அணைப்பதும் ஒரே நேரத்தில் போனால் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளாதா? அதை 2003-இல் குபோரியும் கலானும் விளக்கினார்கள். நம் செல்லில் குப்பைப் புரதங்களை நறுக்கித் தள்ளும் ஒரு பொறி உண்டு, புரோட்டியசோம் என்று பெயர். சோப்-ஈ அதில் சீக்கிரம் சிக்கிக் காணாமல் போய்விடுகிறது, எஸ்.பி.டி.பி. ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிறது. ஆக முதலில் பொங்கல், அப்புறம் அடங்கல், செல் பழைய உருவத்துக்கு வந்துவிடும். நேரத்தைக் கணக்கிட நம் செல்லின் குப்பைத் தொட்டியையே கடிகாரமாகப் பயன்படுத்துகிறது அந்தக் கிருமி.

உள்ளே போய் ஒரு பையில் உட்கார்ந்ததும் அமிலத்தன்மையை உணர்ந்து சால்மோனெல்லா இரண்டாவது ஒரு மூன்றாம் வகை ஊசியைக் கட்டுகிறது. முதல் ஊசி நுழைவதற்கு, இரண்டாவது உள்ளே குடித்தனம் நடத்த. டைபாய்டு கிருமியும் இதே குடும்பம்தான், அதனிடமும் இந்த இரண்டு ஊசிகளும் உண்டு.

மற்ற வாசல்கள், சுருக்கமாக

காலராவுக்கு ஊசி தேவைப்படவில்லை. அது நச்சை இரண்டாம் வகை வாசல் வழியாகக் குடலில் கொட்டுகிறது. வெளியே வந்த நச்சு குடல் செல்லில் ஒட்டி உள்ளே போய், உப்பையும் தண்ணீரையும் நிறுத்தாமல் வெளியேற்றும்படி செல்லை மாற்றிவிடுகிறது. கிருமியே இல்லாத வடிகட்டிய நீர்கூட குடலில் தண்ணீர் சுரக்க வைக்கிறது என்று முயலின் குடலில் செய்து காட்டி, இந்த நச்சை 1959-இல் நிரூபித்தவர் கல்கத்தாவில் வேலை செய்த சம்புநாத் டே. அவருக்குக் கிடைக்க வேண்டிய பெருமை கிடைக்கவே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலை, மூன்றாம் வகை ஊசி வழியாக 'டிர்' என்ற புரதத்தை நம் செல்லுக்குள் அனுப்புகிறது. அது போய் நம் செல்லின் மேற்பரப்பில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். தான் பிடித்துக்கொள்ள வேண்டிய கொக்கியைத் தானே கொண்டுபோய் நம் சுவரில் அடித்துக்கொள்கிறது.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியின் பல ரகங்களில் நான்காம் வகை வாசல் உண்டு. அது கேக்-ஏ என்ற செயலியை இரைப்பையின் செல்களுக்குள் இறக்கி, செல் வளர்ச்சிக்கான சைகைகளையே குழப்பிவிடும். கேக்-ஏ உள்ள ரகங்கள் தொற்றியவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுதல். ஆறாம் வகை என்று ஒன்று 2006-இல் காலராக் கிருமியில் அடையாளம் காணப்பட்டது. ஈட்டி மாதிரி பாய்ந்து குத்தும் இதை நம் செல்களின்மேல் மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் போட்டி பாக்டீரியாக்கள்மேலும் கிருமிகள் பாய்ச்சுகின்றன.

காசநோய்க் கிருமியும் ஏழாம் வகையும்

சரி, இப்போது நம் கேள்விக்கு வருவோம். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த கொழுப்புப் போர்வை உண்டு. மேலே சொன்ன வாசல்கள் எதுவும் அந்தப் போர்வைக்குப் பொருந்தாது. அதற்கென்று தனியாக ஏழாம் வகை வாசல் இருக்கிறது. ஒன்றல்ல, ஐந்து. ஈ.எஸ்.எக்ஸ்-1 முதல் ஈ.எஸ்.எக்ஸ்-5 வரை. இரும்புச்சத்தைச் சேகரிக்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. நோய்க்கு ஆணிவேர் ஈ.எஸ்.எக்ஸ்-1.

இருமலில் பறந்து வந்த கிருமி நுரையீரலின் காற்றுப்பைக்குள் போனதும் அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ், அதாவது பெருவிழுங்கிச் செல், அதை விழுங்கிவிடும். விழுங்கியதை ஒரு பைக்குள் அடைத்து, அமிலம் ஊற்றிச் செரிப்பது அதன் வழக்கம். காசநோய்க் கிருமி அந்தப் பைக்குள் அமிலம் ஏறவிடாமல் தடுத்துக்கொண்டே, ஈ.எஸ்.எக்ஸ்-1 வழியாக ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரண்டு சின்னப் புரதங்களை வெளியே அனுப்புகிறது. இரண்டும் ஜோடியாகவே போகும். இந்த வாசல் வேலை செய்தால் பையின் சவ்வு சேதமாகி, கிருமிக்கும் செல்லின் உட்பகுதிக்கும் இடையே இருந்த தடுப்பு ஓட்டையாகிறது. அதன்பிறகு செல் செத்து, பக்கத்துச் செல்களுக்கு நோய் பரவுகிறது. வாசல் இல்லாத ரகங்கள் பைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன.

இதற்குச் சாட்சி ஆய்வகத்திலேயே பல காலமாக இருந்தது. எச்37ஆர்வி, எச்37ஆர்ஏ என்று ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு காசநோய் ரகங்கள் உண்டு. முதலாவது நோய் உண்டாக்கும், இரண்டாவது உண்டாக்காது. இரண்டாவதில் ஃபோ-பி என்ற கட்டுப்பாட்டு மரபணுவில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கிறது. அதனால் ஈசாட்-6 உள்ளே தயாராகிறது, ஆனால் வெளியே போவதில்லை. சரக்கு இருக்கிறது, வாசல்தான் அடைத்திருக்கிறது.

பி.சி.ஜி. எதை இழந்தது

பிரான்சின் லில் நகரில் ஆல்பர்ட் கால்மெட், காமில் கெரன் இருவரும் 1908-இல் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, மாட்டுப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் வளர்க்க ஆரம்பித்தார்கள். வளர்ந்ததில் கொஞ்சம் எடுத்துப் புது உருளைக்கிழங்கில் வைப்பது, அதிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பது என்று 13 வருடம், 230 முறை. நடுவில் முதல் உலகப் போர் வேறு. முடிவில் அது விலங்குகளுக்கு நோய் கொடுக்கும் சக்தியை இழந்திருந்தது. இதுதான் பி.சி.ஜி., காசநோய்த் தடுப்பூசி. 1921-இல் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. நம் இடது தோளில் இருக்கும் தழும்பு அதன் வாரிசு போட்டது.

ஏன் வீரியம் போனது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மரபணு என்றால் என்ன பொருளால் ஆனது என்றே தெரியாத காலம் அது. 1996-இல்தான் நோய்க் கிருமியின் டி.என்.ஏ.வையும் பி.சி.ஜி.யின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, பி.சி.ஜி.யில் இல்லாத துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். அதில் முதல் துண்டுக்கு ஆர்.டி.1 என்று பெயர். ஏறத்தாழ 9,500 எழுத்து நீளம். அதற்குள் இருந்தவை ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 மரபணுக்களும் ஈ.எஸ்.எக்ஸ்-1 வாசலின் முக்கியப் பாகங்களும். உருளைக்கிழங்கில் நிம்மதியாக வளரும் கிருமிக்கு மேக்ரோஃபேஜை உடைக்கும் வாசல் எதற்கு? தேவையில்லாததால், எங்கோ ஒரு தலைமுறையில் அது உதிர்ந்ததை எதுவும் தடுக்கவில்லை.

இழந்தது வேறு சிலவும் உண்டு, ஆனால் ஆர்.டி.1 தான் பெரிய காரணம் என்பதற்குச் சோதனை இருக்கிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அந்தத் துண்டை பி.சி.ஜி.க்குள் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளில் அது சாதாரண பி.சி.ஜி.யைவிட வேகமாகப் பெருகி, அதிக வீரியம் காட்டியது.

ஆக, அந்த இரண்டு ரிசல்ட்

மாண்டூ ஊசியில் இருப்பது டியூபர்குலின். காசநோய்க் கிருமியை வளர்த்துச் சூடாக்கி எடுத்த புரதங்களின் கலவை. அதில் இருக்கும் நூற்றுக்கணக்கான புரதங்களில் பெரும்பாலானவை பி.சி.ஜி.யிலும் உண்டு, மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் இதே குடும்பத்துச் சாதுவான பாக்டீரியாக்களிலும் உண்டு. 'இந்தக் குடும்பத்தில் யாரையாவது பார்த்திருக்கிறாயா?' என்பதுதான் மாண்டூவின் கேள்வி.

இக்ராவில் உங்கள் ரத்தத்தோடு ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 புரதங்களின் துண்டுகளை மட்டும் சேர்க்கிறார்கள். அவற்றை முன்பே சந்தித்த டி செல்கள் என்கிற எதிர்ப்புச் செல்கள் இருந்தால் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும், அதை அளக்கிறார்கள். பி.சி.ஜி. போட்டவருக்கு இந்தப் புரதங்களோடு அறிமுகமே கிடையாது. 'அந்த வாசல் உள்ள கிருமியைப் பார்த்திருக்கிறாயா?' என்பது இக்ராவின் கேள்வி.

இதிலிருந்து வருபவை:

1. மாண்டூ பாசிட்டிவ், இக்ரா நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் மாண்டூவைத் தூண்டியது பி.சி.ஜி.யோ சாதுவான உறவுக்காரக் கிருமியோதான். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இக்ரா தவறுதலாக நெகட்டிவ் காட்டும், தொற்றிய புதிதிலும் காட்டும். அதனால் ஒரு பேப்பரை மட்டும் வைத்து யாரும் நிம்மதியாகிவிடக் கூடாது.
2. இரண்டு பரிசோதனையாலும் கிருமி தூங்குகிறதா, நோயாக விழித்துவிட்டதா என்று சொல்ல முடியாது. அதற்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்-ரேவும் அறிகுறிகளும் வேண்டும். 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் இக்ராவுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் சளியைக் கொடுங்கள்.
3. மிகச் சில உறவுக்காரக் கிருமிகளுக்கும் (கான்சாசி, மரினம் போன்றவை) இதே வாசல் உண்டு, அவை இக்ராவையும் ஏமாற்றும்.
4. ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 இரண்டையும் மட்டும் வைத்து மாண்டூ மாதிரியே தோலில் போடும் ஊசியும் இப்போது வந்திருக்கிறது. சை-டிபி என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாராகிறது, 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை ஊசிகளைப் பரிந்துரைத்தது. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பும் அலைச்சல் இல்லாததால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.
5. வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இந்தப் பரிசோதனைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே அரசுத் திட்டத்தின் வழிமுறை. குழந்தைக்கு நோய் வரவில்லை என்று டாக்டர் பார்த்து உறுதி செய்ததும் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிடலாம்.

வாசலை அடைக்கும் மருந்து வருமா

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்கிறது. கொல்லும்போது தப்பித்த ஒன்றிரண்டு பெருகி, மருந்துக்கு அடங்காத கூட்டமாகிவிடுகின்றன. அதற்குப் பதிலாக வாசலை மட்டும் அடைத்தால் கிருமி உயிரோடு இருக்கும், ஆனால் எதுவும் செய்ய முடியாமல் நம் எதிர்ப்புச் செல்களிடம் மாட்டிக்கொள்ளும். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் சேதமில்லை. மூன்றாம் வகை ஊசியையும் ஈ.எஸ்.எக்ஸ்-1-ஐயும் தடுக்கும் வேதிப்பொருள்கள் ஆய்வகத்தில் கிடைத்திருக்கின்றன. மருந்துக் கடைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. ஒரு சிக்கல் வெளிப்படையானது: நோயாளி டாக்டரிடம் வரும்போது சால்மோனெல்லா ஊசியை எப்போதோ போட்டு முடித்து உள்ளே குடியேறியிருக்கும். மாதக்கணக்கில் நீளும் காசநோய்க்கு இந்த வழி அதைவிட நம்பிக்கை தருகிறது.

தடுப்பூசியின் விலை

வாசலை இழந்ததால் பி.சி.ஜி. பாதுகாப்பானது, அதே காரணத்தால் அது நம் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும் பாடத்தில் முக்கியமான பக்கம் கிழிந்திருக்கிறது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது நன்றாகவே காப்பாற்றுகிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோய் வேறு கதை. அதை உலகுக்குச் சொன்னது நம் செங்கல்பட்டு. 1968-இல் அங்கே தொடங்கிய சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி.யோ வெறும் ஊசியோ போட்டு, 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் நோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. சுற்றுப்புறத்தில் இருக்கும் உறவுக்காரக் கிருமிகள் உட்பட இதற்குப் பல விளக்கங்கள் உண்டு, முழுப் பழியையும் ஆர்.டி.1 மேல் போட முடியாது. ஆனாலும், ஆர்.டி.1 திரும்ப வைக்கப்பட்ட அந்த பி.சி.ஜி. ஆய்வக விலங்குகளில் பழைய பி.சி.ஜி.யைவிட நல்ல பாதுகாப்பும் தந்தது என்பதை மறக்கக் கூடாது.

அந்த வழியில் இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படும் ஒன்று எம்.டி.பி.வேக். மாட்டுக் கிருமியை விட்டுவிட்டு மனிதக் காசநோய்க் கிருமியையே எடுத்து, மேலே பார்த்த அதே ஃபோ-பி மரபணுவையும் இன்னொன்றையும் நீக்கியிருக்கிறார்கள். ஈசாட்-6 உள்ளே உண்டு, வெளியே போகாது. தென்னாப்பிரிக்காவில் பச்சிளம் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது பலருக்கு, அதுவும் அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு, இக்ரா பாசிட்டிவ் ஆனது. குழந்தைகளுக்குக் காசநோய் இல்லை, தடுப்பூசி கொண்டுவந்த அறிமுகம்தான் அது. ஒரு வருடத்துக்குள் பலருக்கு மறுபடி நெகட்டிவ் ஆகிவிட்டது. ஆனால் இந்தத் தடுப்பூசி பரவலாக வந்தால், பி.சி.ஜி.யால் மாண்டூவுக்கு வந்த அதே குழப்பம் கொஞ்ச காலத்துக்காவது இக்ராவுக்கும் வரும்.